பூஜ்யம் எண் பை

அத்தியாயம் பதினேழு

பரிசோதனைக்கூடம் கொடுத்த உறையைப் பிரிக்கவிடாமல் பெரியவளைப் போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் நிறுத்திவிட்டுப் போய்விட்டோம். ஏழு நாளாக நிற்கிறாள். கால் கடுத்திருக்கும்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. இருபது வருடமாக மூடிக்கிடக்கும் பேட்டரித் தொழிற்சாலையின் மண்ணில் எவ்வளவு ஈயம் ஊறியிருக்கிறது என்று அளந்து சொல்வது பெரியவளின் வேலை. அவள் சரி என்று கையெழுத்துப் போட்டால் அங்கே நானூறு வீடுகள் எழும்பும். அதைக் கட்டப்போகும் கம்பெனிக்காக, 'அதில் உங்களுக்கும் வீடு உண்டு' என்று ஊர்க்காரர்களிடம் பேசிச் சம்மதம் வாங்குகிறவன் அவளுடைய பெரிய தம்பி. அக்கா அளப்பாள், தம்பி கட்டுவான் என்று ஆரம்பித்ததே முதல் கோணல்.

இன்னொரு தம்பியும் உண்டு. சின்னவன். வயது முப்பத்தொன்று, புத்தி ஐந்து. பதினோரு மாதக் குழந்தையாக இருந்தபோது, எட்டு வயதுப் பெரியவளின் இடுப்பிலிருந்து நழுவிக் கீழே விழுந்தான். அன்றிலிருந்து அவளுக்கு அம்மா வைத்த பெயர் 'தம்பியைப் போட்டவ'. கோபம் வந்தால் மட்டும் சொல்கிற பெயர் இல்லை அது. குடிக்கத் தண்ணீர் கொடுக்கும்போதும் அந்தப் பெயர்தான்.

போகட்டும், உறைக்கு வருவோம்.

நின்றபடியே கிழித்தாள். முப்பத்தாறு வரிகள். வீடு கட்டும் மண்ணில் கிலோவுக்கு நானூறு மில்லிகிராம் ஈயம் வரை பொறுக்கலாம் என்பது அவர்களுடைய கையேடு. தொழிற்சாலை மண் எழுநூறு, ஆயிரத்து நூறு என்று ஏறி, பழைய உலைக்குப் பின்னால் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பதில் போய் நின்றது. அவள் ஆச்சரியப்படவில்லை. மூன்றடி ஆழத்துக்கு அத்தனையும் தோண்டி லாரியில் ஏற்றி அப்புறப்படுத்த வேண்டும், நாலு வருடம் ஆகும், கம்பெனிக்காரர்கள் காள்காள் என்று கத்துவார்கள். கத்தட்டும் என்றுதான் இருந்தாள்.

கடைசி வரியில் கண் குத்திட்டு நின்றது. பூஜ்யம் எண் பை: இரண்டாயிரத்து முந்நூறு.

பூஜ்யம் எண் பையில் இருப்பது தொழிற்சாலை மண்ணே இல்லை. அழுக்கை அளக்க வேண்டுமானால் சுத்தம் எது என்று முதலில் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ஒரு கிலோமீட்டராவது தள்ளிப்போய், வெளி மண் கலக்காத இடமாகப் பார்த்து, ஒப்பிடுவதற்கென்று ஒரு பை எடுப்பார்கள். தொழிற்சாலை மண் அதைவிட மோசமாக இருந்தால்தான் தோண்டி எடுக்க வேண்டும். ஊர் மண்ணே அந்த லட்சணத்தில் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். அப்படியே கட்டிக்கொள்ளலாம்.

அந்தப் பையை அவள் எடுத்தது தன் அம்மா வீட்டுக் கொல்லையில்.

ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு நாள். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. "எங்கேயோ போய் ஏன்க்கா நனையறே? நம்ம வீட்டுக் கொல்லையில எடு. ஒரு கிலோமீட்டருக்கு மேலயே இருக்கு" என்று பெரிய தம்பிதான் போனில் யோசனை சொன்னான். எடுத்தாள். படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: 'இந்த இடத்தில் எப்போதாவது வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டப்பட்டதா?' இதுவரை இருநூறு வீட்டு வாசலில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாள். சொந்த வீட்டில் கேட்கவில்லை. பிறந்து வளர்ந்த கொல்லை தனக்குத் தெரியாதா என்று அவளே 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

ஊருக்குத்தானே உபதேசம்.

*

தொழிற்சாலை வாசலில் கம்பெனி போட்டிருக்கும் தகரக் கொட்டகைக்கு அவள் போய்ச் சேரும்போது மணி பத்து. முடிவுகள் அவளுக்கு முன்னால் அங்கே வந்து உட்கார்ந்திருந்தன. பெரிய தம்பி எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"நீ கெட்டிக்காரின்னு தெரியும்க்கா. இவ்வளவு கெட்டிக்காரின்னு தெரியாது."

மேலாளர் கழுத்து அட்டையைச் சரிபண்ணிக்கொண்டே சிரித்தார். "ஊர் மண்ணைவிட எங்க மண்ணு சுத்தமாமே மேடம்! அப்ப நாங்க ஃபேக்டரியை விட்டுட்டு உங்க ஊரைத்தான் கழுவணும் போல."

கொட்டகையில் இருந்த ஆறு பேரும் சிரித்தார்கள். பெரிய தம்பி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

"அந்தப் பூஜ்யம் எண் சரியில்ல. வேற இடத்துல திரும்ப எடுக்கணும்" என்றாள் பெரியவள்.

"ஏன் எடுக்கணும்?" மேலாளர் சிரிப்பை நிறுத்தவில்லை. "மண்ணைத் தோண்டினது நீங்க. பைக்கு முத்திரை வெச்சது நீங்க. யாரும் மண்ணு கொட்டாத இடம்னு எழுதினதும் நீங்க. இப்ப சரியில்லன்னா, எது பொய்? மண்ணா, நீங்களா?"

அவள் உறையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"நாளைக்கு ஊர்க்கூட்டம். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து வந்துரணும்" என்று அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

பெரிய தம்பி அவளை ஓரமாக இழுத்தான். குரல் தேனாக இருந்தது. "சின்னவனுக்குக் கீழ்த்தளத்துல வீடு எழுதி வெச்சிருக்கேன்க்கா. அவன் படி ஏற வேண்டாம் பாரு. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

சின்னவன் பெயரை எடுத்தால் அக்கா உருகிவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அதை வைத்தே காரியம் சாதித்தவன்.

 அவள் தன் கருவிகள் இருக்கும் அலமாரியைத் திறந்து துப்பாக்கியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

துப்பாக்கி என்றால் பயப்பட வேண்டாம். பார்க்க அப்படி இருக்கும் ஒரு கருவி. மண்ணில் மூக்கை வைத்து விசையை அழுத்தினால் அரை நிமிடத்தில் ஈயம் இவ்வளவு என்று சொல்லிவிடும். சட்டப்படி செல்லாது. ஆனால் நம் கதையில் வருகிற பலர் மாதிரி இல்லை, அது பொய் சொல்லாது.

*

"செருப்பை வெளியவே விடு. அந்த ஃபேக்டரி மண்ணை வீட்டுக்குள்ள கொண்டாராதே" என்றாள் அம்மா. உள்ளே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

சின்னவன்தான் ஓடி வந்தான். "அக்கா வந்தாச்சு! அக்கா, பூஜ்யம் போடலாமா?"

எண்களில் அவனுக்குக் கோணாமல் எழுத வருவது பூஜ்யம் ஒன்றுதான். ஆறு வாரத்துக்கு முன்னால் அந்தப் பையின் மேல் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதியவன் அவனே. அதிலிருந்து கண்ணில் பட்ட காகிதமெல்லாம் பூஜ்யம்.

"இன்னிக்குத் தோண்டலாம், வா" என்று கொல்லைக்கு அழைத்துப் போனாள்.

தண்ணீர்க்குழாயைச் சுற்றிய சிமெண்டுத் தளத்தை ஒட்டி மண்ணில் துப்பாக்கியை வைத்தாள். இரண்டாயிரத்து நூறு. துணிக்கொடிக்குக் கீழே இரண்டாயிரத்து நானூறு. மதில் ஓரம், தக்காளிச்செடி நிற்கிற இடம், ஆயிரத்து தொள்ளாயிரம். மதிலுக்கு வெளியே சந்தில் போய் வைத்துப் பார்த்தாள். நாற்பது. கருவிதான் கெட்டுவிட்டதோ என்று துடைத்து மறுபடி வைத்தாள். அப்போதும் நாற்பது.

சின்னவன் மண்வெட்டியை வாங்கித் தோண்டினான். உடம்பு பலத்துக்குக் குறைவில்லை அவனுக்கு. ஒன்றரை அடி வரை கறுப்பாக, நரநரவென்று வந்தது. அதற்குக் கீழே சட்டென்று சிவப்பு மண். சிவப்பில் வைத்தால் முப்பத்தெட்டு. ஆக, இந்த வீட்டின் சொந்த மண் அடியில் புதைந்து கிடக்கிறது. மேலே கிடப்பது எங்கிருந்தோ வந்தது.

எங்கிருந்தோ என்ன எங்கிருந்தோ? ஆறு வாரமாக அவள் முகர்ந்துகொண்டிருக்கும் மண் அது. கறுப்பு மண்ணுக்குள் கறுப்பாகவே சில்லுச் சில்லாக ஏதோ கிடந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தாள். பேட்டரிப் பெட்டியின் உடைந்த ஓடு.

"ஐ! என் கல்லு!" என்றான் சின்னவன்.

உள்ளே ஓடி ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து அவள் மடியில் கவிழ்த்தான். நூறுக்குக் குறையாது. எல்லாம் அதே கறுப்புச் சில்லு. பொறுக்கிப் பொறுக்கி, தேய்ந்து பளபளவென்று ஆகியிருந்தன.

"இதெல்லாம் எப்படா எடுத்தே?"

"சின்னப்புள்ளையில."

"ஏன்டா இப்படிப் பளபளன்னு இருக்கு?"

"சப்புவேன்" என்றான். ரகசியம் சொல்கிறவனாகக் காதருகில் வந்தான். "இனிக்கும்க்கா."

ஈய உப்புக்கு இனிப்புச் சுவை உண்டு என்று பெரியவளுக்குத் தெரியும். மடியில் கிடந்த சில்லுகளைத் தொடவும் முடியவில்லை, தட்டிவிடவும் முடியவில்லை.

பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அந்தத் தொழிற்சாலையின் வாசலில் உட்கார்ந்து, உள்ளிருந்து வெளியே போகும் ஒவ்வொரு சாமானுக்கும் சீட்டு எழுதிக் கொடுப்பதுதான் இருபத்தாறு வருடம் அவர் பார்த்த வேலை. வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர்.

"அப்பா, இது யார் கொட்டின மண்ணு?"

"மழை பெஞ்சா முழங்கால் அளவு தண்ணி நிக்கும். பூச்சி பொட்டு வரும்" என்றார்.

"யார் கொட்டினதுன்னு கேட்டேன்."

"ஃபேக்டரியில மேடா குவிஞ்சு கிடந்துச்சு. வேணும்கிறவன் அள்ளிக்கலாம்னாங்க. தள்ளுவண்டியில நாந்தான் கொண்டாந்தேன்."

"எப்போ?"

அப்பா சின்னவனைப் பார்த்தார். "இவன் பொறந்த வருஷம்."

"ஈயம்னு தெரியாதா உங்களுக்கு?"

"கொட்டறப்ப தெரியாது."

அந்த 'கொட்டறப்ப' அவள் காதில் விழுந்தது. மெதுவாக எழுந்து நின்றாள். "அப்ப, எப்பத் தெரிஞ்சுது?"

"இவனுக்கு மூணு வயசு இருக்கும். ஃபேக்டரி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஈயம் ஏறியிருக்கு, மண்ணுல விடாதேன்னார். அதுக்குத்தானே குழாய்கிட்ட சிமெண்டு போட்டேன்?"

"அப்ப, நான் கீழே போட்டது?"

"நெத்தியில ஒரு வீக்கம். ரெண்டு நாள்ல வத்திருச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னார் டாக்டர்."

நெத்தியில் ஒரு வீக்கம். அவ்வளவுதான். இதை இந்த மனிதர் இருபத்தெட்டு வருடமாக நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். அதே வீட்டில், அதே கூரைக்குக் கீழ், 'தம்பியைப் போட்டவ' என்று நாளுக்குப் பத்துத் தடவை காதில் விழ விழ உட்கார்ந்து தின்றுவிட்டுப் படுத்திருக்கிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்கூட இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"நீ சின்னப்பொண்ணு. மறந்துருவேன்னு நினைச்சேன்" என்றார் அப்பா.

அவள் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது தங்கச்சிப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள். கல்யாணம் பேச வந்தவர்களையெல்லாம் வேலை இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். தனக்கென்று ஒரு பிள்ளை பிறந்தால் அதையும் போட்டுவிடுவோம் என்பதுதான் உண்மையான பயம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நம்மிடமும் அழுகையோடுதான் சொல்கிறாள்.

மடித்த துணியோடு அம்மா பின்வாசலில் வந்து நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்று முகமே சொன்னது. பெரியவள் காத்திருந்தாள். முப்பது வருடம் காத்திருந்தவளுக்கு அரை நிமிடம் பெரிதா? அம்மா ஒரு வார்த்தை சொல்வாள் என்று நின்றாள்.

"ரத்தம்னா சொன்னீங்க?" அம்மா அப்பாவிடம்தான் கேட்டாள். "பேத்திக்கும் ரத்தம்தானே எடுத்தாங்க?"

"எந்தப் பேத்திக்கு?" என்றாள் பெரியவள்.

"எத்தனை பேத்தி இருக்கு எனக்கு? உன் தம்பி பொண்ணுதான். காலையில விட்டா சாயங்காலம் வரைக்கும் இங்கதானே மண்ணுல விளையாடிட்டிருக்கும்? ரெண்டு மாசம் முன்னாடி ரத்தம் எடுத்தாங்களாம், சத்துக் குறைச்சலாம். அன்னியிலேருந்து கண்ணுல காட்டல. மருமகளோட அம்மா வீட்டுல விட்டிருக்காங்க."

கொல்லை மூலையில் ஒரு சின்னச் சிவப்பு வாளி கவிழ்ந்து கிடந்தது. ரத்தம் எடுத்தது ரெண்டு மாதம் முன்பு. இவள் இங்கே மண் எடுத்தது ஆறு வாரம் முன்பு. பெரியவளுக்குக் கணக்குப் போட வெகுநேரம் ஆகவில்லை.

*

நாலு மணிக்குப் பெரிய தம்பி கையில் கோப்போடு வந்தான். கொல்லையில் கிடந்த குழியைப் பார்த்தான். குழிக்கு அருகில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தான்.

"உன் பொண்ணுக்கு ரத்தத்துல எவ்வளவு இருந்துச்சு?" என்றாள்.

மழுப்பப் பார்ப்பான் என்று நினைத்தாள். அவன் ஒரு கல்லை இழுத்துப் போட்டு ஆற அமர உட்கார்ந்தான். "இருக்கக்கூடாத அளவுக்கு இருந்துச்சு. எங்க வீட்டுல சுவத்துப் பெயிண்ட், தண்ணி எல்லாம் பார்த்துட்டேன். ஒண்ணும் இல்ல. அப்ப இங்கதானே?"

"தெரிஞ்சேதான் என்னை இங்க மண்ணெடுக்கச் சொன்னே."

"நீ மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னே. பாவமா இருந்துச்சு" என்று சிரித்தான்.

"அடப்பாவி! சின்னவன் இங்க இருக்கான். அம்மா அப்பா இருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சின்னவனுக்கு இனிமே என்ன கெடப்போகுது?" என்றான். சின்னவன் பக்கத்தில்தான் உட்கார்ந்து சில்லுகளை எண்ணிக்கொண்டிருந்தான். தன் பெயர் வந்ததும் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்துச் சிரித்தான். "என் பொண்ணை நான் இங்க விடறதில்ல. அவ தப்பிச்சா. இவங்க மூணு பேருக்கும் புது வீடு. வேற என்ன வேணும் உனக்கு?"

"அந்த நானூறு வீட்டுலயும் பிள்ளைங்க இருக்கும்டா."

"அவங்களுக்கும் அக்கா இருப்பாங்க, அவங்க பார்த்துக்குவாங்க." கோப்பைப் பிரித்து அவள் மடியில் வைத்தான். பேனாவையும் மூடி கழற்றி வைத்தான். "போடுக்கா. நீ வாயைத் திறந்தா உன் வேலைதான் போகும். பொய் எழுதினது நீ."

அம்மா பேசினாள். "போட்டுத் தொலையேன்டி. இவனுக்குக் கீழ்த்தளத்துல வீடு கிடைக்குது. நாங்க போனா இவனை யார் பார்ப்பா? இவனுக்குன்னு ஒண்ணு நீ செய்யக்கூடாதா? செய்யவேண்டிய கடமை உனக்குத்தானே இருக்கு?"

"அம்மா, மத்தியானம் அப்பா சொன்னது உன் காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு." அம்மாவின் கண் குழியை விட்டு நகரவில்லை. "அவர் மண்ணைக் கொண்டாந்தாரு. நீ கீழே போட்டே. ரெண்டும் நடந்ததுதானே? நான் என்ன பண்ணினேன்? நான் என்ன பண்ணினேன், சொல்லு?"

அந்தக் கொல்லையில்தான் அம்மா சின்னவனை இறக்கிவிட்டுவிட்டுத் துவைப்பாள். மண்ணை வாயில் வைப்பான், சிரித்துக்கொண்டே துடைத்துவிடுவாள். மகள் கை குற்றவாளி இல்லை என்றால் பிறகு யார் கை என்ற கேள்வி வரும். அது வராமல் இருக்க அவளுக்கு மகள் வேண்டும், இப்போது முன்னைவிட அதிகமாக வேண்டும். புரிகிறது. புரிந்தும் நெஞ்சு பொறுக்கவில்லை.

பெரியவள் பேனாவை மூடிக் கோப்பின் மேல் வைத்தாள். போனை எடுத்துத் தன் அலுவலக மேலதிகாரியைக் கூப்பிட்டாள். எல்லார் முன்னாலும்தான்.

"சார், பூஜ்யம் எண் பை செல்லாது. அது எங்க அம்மா வீட்டு மண்ணு. தொழிற்சாலைக் கழிவைக் கொட்டி நிரப்பின இடம். நான் விசாரிக்காம 'இல்லை'ன்னு எழுதிட்டேன். தப்பு என்னோடது."

 "எழுத்துல குடு" என்றார் மேலதிகாரி. "நாளையிலேருந்து நீ ஆபீசுக்கு வரவேண்டாம். விசாரணை முடியற வரைக்கும்."

"சரி சார்."

பெரிய தம்பி கோப்பை மூடினான். கத்துவான் என்று பார்த்தால் பேண்ட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "வேலையும் போச்சா? நல்லது. நாளைக்கு உன் இடத்துக்கு வேற ஆள் வருவான். வேற கொல்லையில பூஜ்யம் எடுப்பான். இந்த ஊர்ல எந்தக் கொல்லையில எடுத்தாலும் இதேதான் வரும்க்கா. நம்பலன்னா அப்பாவைக் கேளு."

அவன் போய்விட்டான். தெருவில் யாரிடமோ நின்று உற்சாகமாகப் பேசிவிட்டுப் போகிற சத்தம் கேட்டது.

அம்மா துப்பாக்கியை எடுத்துப் பெரியவள் பையில் திணித்தாள். பையைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டினாள்.

"அன்னிக்கும் அவனைக் கீழே போட்டே" என்றாள். "இன்னிக்கும் போட்டுட்டே."

*

வாசல்படிவரை அப்பா கூடவே வந்தார்.

"அவன் என்னப்பா சொல்லிட்டுப் போறான்? எந்தக் கொல்லையில எடுத்தாலும்னா?"

அப்பா செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்தார். "நான் மட்டுமா அள்ளினேன்? எல்லாரும் அள்ளினாங்க. வண்டி வெளிய போகணும்னா சீட்டு வேணும்ல? நான்தான் எழுதிக் குடுத்தேன். நூத்திப் பதினாலு வீட்டுக்கு."

பெரியவள் தெருவின் இரண்டு பக்கத்து வீடுகளையும் பார்த்தாள்.

"டாக்டர் சொன்னன்னிக்கே உன்கிட்டச் சொல்லியிருப்பேன்ம்மா. உனக்குச் சொன்னா உங்கம்மாவுக்குச் சொல்லணும். அவளுக்குச் சொன்னா நூத்திப் பதினாலு வீட்டுக்கும் சொல்லணும். என்னை உயிரோட விட்டிருப்பாங்களா?"

எட்டு வயதுப் பிள்ளை ஒன்று பழியைச் சுமந்ததால் ஒரு தெரு முழுக்க நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது.

"சீட்டோட நகல் இருக்காப்பா? எந்தெந்த வீடுன்னு?"

அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அந்த வீட்டுப் பெண் இடுப்பில் பிள்ளையோடு தெருவைத் தாண்டி ஓடி வந்தாள். முகமெல்லாம் பல்.

"அக்கா! மண்ணு சுத்தம்னு வந்திருச்சாமே! உங்க தம்பி இப்பத்தான் சொல்லிட்டுப் போனாரு. எல்லாம் உங்களாலதான், நல்லா இருப்பீங்க. எங்களுக்கு ரெண்டாவது மாடியா பார்த்துக் குடுக்கச் சொல்லுங்க. என்ன?" பேசிக்கொண்டே பிள்ளையைத் தூக்கி நீட்டினாள். "இந்தா, அத்தைகிட்டப் போ. அத்தைதான் நமக்கு வீடு குடுத்தவங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொள்ள நேரமில்லை. பிள்ளை அவள் மார்பில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு வயது இருக்கும். முப்பது வருடத்தில் யாரும் அவள் கையில் ஒரு குழந்தையைக் கொடுத்ததில்லை. எலும்பு நோகும்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தெந்த வீடுப்பா?" என்றாள் மறுபடி, திரும்பாமல்.

 அப்பாவின் தலை எதிர்வீட்டை நோக்கி லேசாக அசைந்தது.

பிள்ளை மூடிய கையை வாயருகே கொண்டுபோனது. பெரியவள் அந்தக் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். உள்ளே ஒரு கறுப்புச் சில்லு இருந்தது. எச்சிலில் நனைந்து பளபளவென்று இருந்தது.